கடைசி இடைவெளி

படிக்கட்டில் ஏறும்போது படியைப் பார்க்கிறோம், கைப்பிடியைத் தொடுகிறோம். அந்தக் கைப்பிடியைத் தாங்கி வரிசையாக நிற்கும் கம்பிகளை மட்டும் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒழுங்காக நிற்கும்வரை அவை கண்ணில் படுவதே இல்லை. ஆனால் ஒரே ஒரு கம்பி சற்று விலகி நின்றுவிட்டால் போதும். ஏறுகிறவர், இறங்குகிறவர் அத்தனை பேரின் கண்ணும் அங்கேதான் போய் நிற்கும். அந்தக் கம்பிகளைச் சம இடைவெளியில் நிறுத்துவது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். "ஆண்டு மலருக்கு எழுத வேறு பொருளே கிடைக்கவில்லையா?" என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நிலவையும் காதலையும் பாட வகுப்புக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். கம்பியைப் பற்றி எழுத நான் ஒருவன்தான் இருக்கிறேன்.

என் தாய்மாமா கிரில் பட்டறை வைத்திருக்கிறார். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். நான் மூன்றாம் ஆண்டு கணிதம் படிக்கிறேன். என் புத்தகச் செலவும் பேருந்துச் செலவும் அந்தப் பட்டறையிலிருந்துதான் வருகின்றன. ஆகவே சனி, ஞாயிறுகளில் நான் அங்கே இருப்பேன். வெல்டிங் செய்ய மாமா என்னை விடமாட்டார். "கண்ணு உனக்குப் படிக்கறதுக்கு வேணும், மாப்ள" என்பார். டேப்பின் மறுமுனையைப் பிடிப்பதும், சாக்பீஸால் குறி போடுவதும் என் வேலை. இந்தக் கட்டுரையில் வரும் கணக்கு முழுவதும் டேப்பின் அந்த மறுமுனையில் நின்றபடி கற்றதுதான்.

பதினைந்தும் பதினாறும்

மாடிப்படி திரும்பும் இடத்தில், லேண்டிங் என்று சொல்லும் சமதளத்தில், இரண்டு தூண்களுக்கு நடுவே கம்பிகள் நிறுத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தூணின் உள்விளிம்பிலிருந்து அடுத்த தூணின் உள்விளிம்புவரை 1800 மி.மீ. கம்பிகளாக நிற்கப்போவது 20 மி.மீ. அகலமுள்ள சதுரக் குழாய்கள். எந்த இடைவெளியும் 100 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. எத்தனை கம்பிகள் வேண்டும்? ஒவ்வோர் இடைவெளியும் எவ்வளவு?

ஐந்து விரல்களுக்கு நடுவே நான்கு இடைவெளி என்று தொடக்கப்பள்ளியில் படித்திருக்கிறோம். இங்கே அது தலைகீழ். வரிசையின் இரு முனையிலும் தூண் நிற்பதால், முதல் கம்பிக்கு முன்னும் ஓர் இடைவெளி உண்டு. கடைசிக் கம்பிக்குப் பின்னும் ஓர் இடைவெளி உண்டு. கம்பிகளைவிட இடைவெளிகள் எப்போதும் ஒன்று அதிகம். பட்டறைக்குப் புதிதாக வரும் பையன்கள் பலர் இந்த ஒன்றில்தான் தடுமாறுவார்கள். 1800ஐ 15ஆல் வகுத்து 120 என்று சொல்வார்கள். கம்பியின் அகலம் எங்கே போயிற்று, பதினாறாவது இடைவெளி எங்கே போயிற்று என்ற இரண்டு கேள்விகளுக்கும் அந்த 120இல் விடை இல்லை.

முறையாகச் செய்து பார்ப்போம். ஒரு கம்பியும் ஓர் இடைவெளியும் சேர்ந்து அதிகப்படியாக 120 மி.மீ. இப்படி இணை இணையாக வைத்துக்கொண்டே போனால், கடைசியில் ஓர் இடைவெளி துணையில்லாமல் நிற்கும். அதற்கு 100ஐ ஒதுக்கிவிட்டால் மிச்சம் 1700. அதை 120ஆல் வகுத்தால் 14.17. பதினான்கு கம்பி போதாது, பதினைந்து வேண்டும். பதினான்கோடு நிறுத்தினால் என்ன ஆகும்? ஒவ்வோர் இடைவெளியும் 101.33 மி.மீ. வரும். ஒன்றேகால் மில்லிமீட்டர்தானே என்று மனம் சொல்லும். எல்லை என்று ஒன்றை வைத்த பிறகு அந்த "தானே" என்ற சொல்லுக்கு இடமில்லை. பதினைந்து கம்பிகள் 300 மி.மீ. இடத்தை எடுத்துக்கொள்ளும். மீதி 1500ஐப் பதினாறு இடைவெளிக்கும் பங்கிட்டால் ஒவ்வொன்றும் 93.75 மி.மீ.

மாமா இத்தனை தூரம் சுற்றமாட்டார். "இடத்தோட ஒரு கம்பியைச் சேத்துக்க. சந்து எத்தனையோ அத்தனையால வகுத்துரு" என்பார். 1800உடன் 20ஐச் சேர்த்தால் 1820. பதினாறால் வகுத்தால் 113.75. ஒரு கம்பியின் வலது விளிம்பிலிருந்து அடுத்த கம்பியின் வலது விளிம்புக்கு உள்ள தூரம் அது. அதிலிருந்து கம்பியின் 20ஐக் கழித்தால் அதே 93.75.

இது ஏன் சரியாக வருகிறது என்று யோசித்தேன். கடைசி இடைவெளி துணையில்லாமல் நிற்கிறது அல்லவா? அதற்கும் ஒரு கம்பியைக் கற்பனையாகத் தூணுக்குள் நிறுத்திவிட்டால் எல்லா இடைவெளிக்கும் ஆளுக்கொரு கம்பி கிடைத்துவிடுகிறது. பதினாறு இணைகள், பதினாறு சம பங்குகள். நாம் இயற்கணிதத்தில் இரண்டு பக்கமும் ஒரே எண்ணைக் கூட்டிச் சமன்பாட்டை எளிதாக்குவோமே, அதேதான் இது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், சமன்பாடு என்ற சொல்லைப் பயன்படுத்தாமலே சமன்பாட்டைத் தீர்த்துக்கொண்டிருக்கிறார். அவருடைய மனக்கணக்கு மில்லிமீட்டரில்கூட ஓடாது. ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல் என்ற பழைய கணக்கில்தான் ஓடும்.

மிச்சம் எங்கே போகிறது?

விடை கிடைத்துவிட்டது, வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. தேர்வுத் தாளில் 93.75 என்று எழுதி அடிக்கோடு போட்டால் முழு மதிப்பெண் உண்டு. பட்டறையில் அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. டேப்பில் மில்லிமீட்டருக்குக் கோடு உண்டு; முக்கால் மில்லிமீட்டருக்குக் கோடு இல்லை.

பல இடங்களில் ஒரு மரக்கட்டையை இடைவெளி அளவுக்கு வெட்டி வைத்துக்கொள்வார்கள். கட்டையைத் தூணோடு ஒட்டி வைத்து, அதை ஒட்டிக் கம்பியை நிறுத்தி, சிறு பொட்டாக வெல்டிங் வைப்பார்கள். பிறகு கட்டையை எடுத்து அந்தக் கம்பிக்கு அடுத்த பக்கம் வைப்பார்கள். வேலை வேகமாக நடக்கும். கட்டையை 93 மி.மீ.க்கு வெட்டியிருந்தால் என்ன ஆகும்? பதினைந்து இடைவெளிகள் 93ஆக வரும், மொத்தம் 1395. பதினாறாவது இடைவெளிக்கு மிஞ்சுவது 105. எல்லை 100 என்று நாம் வைத்தோம். ஒவ்வோர் இடைவெளியிலும் முக்கால் மில்லிமீட்டர் குறைந்ததற்கே கடைசி இடைவெளி எல்லையைத் தாண்டிவிட்டது. கட்டையை 94க்கு வெட்டினால் கடைசி இடைவெளி 90. ஆபத்தில்லை, ஆனால் கண்ணுக்குத் தெரியும். எப்படி வெட்டினாலும் பதினைந்து பேர் செய்த சிறு சிறு தவறுகள் அத்தனையும் பதினாறாவது ஆளின் தலையில் விழுகின்றன.

மாமாவின் முறை வேறு. டேப்பை ஒரு தூணில் மாட்டினால் கடைசிவரை எடுக்கமாட்டார். எல்லாக் குறிகளும் அந்த ஒரே தொடக்கத்திலிருந்துதான். முதல் கம்பியின் இடது விளிம்பு 93.75, இரண்டாவது 207.5; மூன்றாவது 321.25; நான்காவது 435. நாம் பத்தாம் வகுப்பில் படித்த கூட்டுத் தொடர்வரிசைதான் இது. முதல் உறுப்பு 93.75, பொது வித்தியாசம் 113.75. ஒவ்வொரு குறியையும் அருகிலுள்ள முழு மில்லிமீட்டருக்கு மாற்றிக்கொள்ளலாம்: 94, 208, 321, 435. எந்தக் குறியிலும் பிழை அரை மில்லிமீட்டருக்கு மேல் இல்லை. முக்கியமானது என்னவென்றால், ஒரு குறியின் பிழை அடுத்த குறிக்குப் போவதில்லை. அது பிறந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது.

இப்படிக் குறித்த பிறகு இடைவெளிகளை அளந்து பார்த்தேன். 94, 94, 93, 94. மீண்டும் 94, 94, 93, 94. நான்குக்கு ஒன்று 93, மற்றவை 94. இந்த வரிசையைப் பார்த்ததும் எனக்கு நாட்காட்டி நினைவுக்கு வந்தது. ஓர் ஆண்டு என்பது ஏறத்தாழ 365 நாளும் கால் நாளும். கால் நாளுக்கு நாட்காட்டியில் கட்டம் இல்லை. ஆகவே மூன்று ஆண்டுகளுக்கு 365, நான்காவது ஆண்டுக்கு 366. மாமாவும் நாட்காட்டி செய்தவர்களும் ஒரே கணக்கைத்தான் செய்திருக்கிறார்கள்.

அந்த நாட்காட்டிக் கதையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. ஜூலியஸ் சீசர் காலத்து நாட்காட்டி ஓர் ஆண்டை 365¼ நாள் என்று எடுத்துக்கொண்டது. உண்மையான ஆண்டு அதைவிட ஏறக்குறைய 11 நிமிடம் குறைவு. ஆண்டுக்குப் பதினொரு நிமிடம் யார் கண்ணில் படும்? நூற்றாண்டுகள் பல கடந்த பிறகு அது நாள்களாகத் திரண்டுவிட்டது. 1582ஆம் ஆண்டு போப்பாண்டவர் 13ஆம் கிரகரி நாட்காட்டியைத் திருத்தியபோது, அக்டோபர் 4ஆம் தேதிக்கு மறுநாளை அக்டோபர் 15 என்று அறிவிக்க வேண்டியிருந்தது. பத்து நாள்களை ஒரே இரவில் தாண்டினார்கள். அதுவும் ஒரு கடைசி இடைவெளிதான்.

அழகுக்காக மட்டுமா?

இதெல்லாம் கண்ணுக்கு அழகாக இருப்பதற்காகத்தானே என்று யாராவது நினைத்தால், நான் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறை. அடுத்த தெருவிலிருந்து ஒருவர் பட்டறைக்கு மூச்சிரைக்க ஓடிவந்தார். இரண்டு வயதுக் குழந்தை ஒன்று மாடிப்படிக் கம்பிகளுக்கு நடுவே தலையை விட்டுக்கொண்டது. வெளியே எடுக்க முடியவில்லை. நாங்கள் போனபோது குழந்தையின் தாய் மறுபக்கம் மண்டியிட்டு அதன் மோவாயைத் தாங்கியபடி இருந்தார். அழுது அழுது குழந்தைக்குக் குரல் கம்மிவிட்டது. எண்ணெய் தடவிப் பார்த்திருந்தார்கள், காதுகள் தடுத்துக்கொண்டிருந்தன.

கூடியிருந்தவர்கள் கம்பியை அறுக்கச் சொன்னார்கள். மாமா கட்டிங் மெஷினைத் தொடவில்லை. தீப்பொறி குழந்தையின் முகத்தில் தெறிக்கும், கம்பியும் சூடேறும். தெருவில் நின்ற ஒரு காரின் ஜாக்கியைக் கேட்டு வாங்கினார். குழந்தையின் தலைக்கு ஒரு சாண் மேலே, இரண்டு கம்பிக்கும் நடுவில் ஜாக்கியைப் படுக்கையாக வைத்து மெல்லத் திருகினார். கம்பி ஓர் அங்குலம்போல வளைந்தது. தாய் குழந்தையை வாங்கிக்கொண்டார்.

எல்லாரும் கலைந்த பிறகு மாமா என்னைக் கூப்பிட்டார். "மாப்ள, டேப்பைப் பிடி." வளையாத கீழ்ப்பகுதியில் அளந்தோம். மொத்தம் பதின்மூன்று கம்பிகள், பதினான்கு இடைவெளிகள். பதின்மூன்று இடைவெளிகள் ஒவ்வொன்றும் 92 மி.மீ. தூணை ஒட்டிய கடைசி இடைவெளி மட்டும் 134. குழந்தை தலையை விட்டது அதில்தான். பதினான்கையும் கூட்டிச் சமமாகப் பங்கிட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றும் 95 வருகிறது. அதாவது கட்டை வெறும் 3 மி.மீ. குறைந்திருக்கிறது. பதின்மூன்று முறை 3 என்பது 39. அந்த 39ம் ஒரே இடத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதே பதின்மூன்று கம்பி, அதே இரும்பு, அதே கூலி. குறிகளை மட்டும் ஒரே தொடக்கத்திலிருந்து போட்டிருந்தால் அந்தக் குழந்தையின் தலை நுழைந்திருக்காது. மாமா அதைச் செய்தவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "கட்டையை நம்பிட்டாங்க" என்று மட்டும் சொன்னார்.

100 மி.மீ. என்ற எல்லை மாமாவின் பிடிவாதம் அல்ல. இங்கிலாந்தின் கட்டட விதிகளில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் புழங்கக்கூடிய வீடுகளில் 100 மி.மீ. விட்டமுள்ள பந்து எந்த இடைவெளியிலும் நுழையக் கூடாது என்று இருக்கிறது. அமெரிக்க வீடுகளுக்கான மாதிரி விதிகளும் பொதுவாக நான்கு அங்குலப் பந்தை வைத்தே சோதிக்கச் சொல்கின்றன. பந்தை ஏன் சொல்கிறார்கள்? சிறு குழந்தையின் தலை உடலைவிடப் பெரியது. தலை நுழையாத சந்தில்கூட உடல் நுழைந்துவிடும். கால் முதலில் வழுக்கி, உடல் வெளியே போய், தலை மட்டும் மாட்டிக்கொண்டால் கழுத்தில் தொங்க நேரும். ஆகவே தலையைத் தடுத்தால் போதாது. உடலையே தடுக்க வேண்டும்.

இந்தக் காரணத்தால்தான் மாமா கம்பிகளைப் படுக்கையாக வைக்கவும் தயங்குவார். இப்போது பளபளக்கும் எவர்சில்வர் குழாய்களைப் படுக்கை வரிசையாக வைப்பதைப் பலர் விரும்புகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு குழந்தையின் கண்ணுக்கு அது ஏணி.

சாய்வும் எலாஸ்டிக்கும்

சமதளத்தில் செய்த கணக்கைச் சாய்வான படியில் எப்படிச் செய்வது? ஒரு படியின் அகலம் 250, உயரம் 150 என்று கொள்வோம். இரண்டின் வர்க்கங்களையும் கூட்டினால் 85000, வர்க்கமூலம் 291.5. கிடையாக 250 நகரும்போது சாய்வில் 291.5 நகர்கிறோம், அதாவது 1.166 மடங்கு. கம்பிகள் செங்குத்தாக நிற்பதால் குழந்தைக்குத் தெரியும் சந்து கிடை அளவுதான். சாய்ந்த கைப்பிடியின் மீது 100 மி.மீ. இடைவெளி விட்டுக் கம்பி வைத்தால் உண்மையான சந்து ஏறக்குறைய 86தான்; கம்பி வீணாகும். கணக்கைக் கிடையில் போட்டு, குறியைச் சாய்வில் வைக்கும்போது 1.166ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

பெருக்கலுக்கும் பயப்படத் தேவையில்லை என்று மாமா காட்டினார். அதற்கு என் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து ஒரு பொருள் வேண்டியிருந்தது. "அக்கா, எலாஸ்டிக் இருந்தா ஒரு ரெண்டு கெஜம் குடு" என்று கேட்டு வாங்கினார். பழையது ஒன்றை அம்மா எடுத்தபோது வேண்டாம் என்றார். பழையது சில இடத்தில் தளர்ந்திருக்கும், சமமாக இழுபடாது. புதிய எலாஸ்டிக்கை மேசையில் தளர்வாகக் கிடத்தி, மூன்று அங்குலத்துக்கு ஒரு கோடாகப் பேனாவால் பதினேழு கோடுகள் போட்டார். பதினேழு கோடு, பதினாறு பங்கு. முதல் கோட்டை ஒரு தூணின் உள்விளிம்பில் பிடித்து, கடைசிக் கோட்டை மறு தூணுக்குள் ஒரு கம்பி அகலம் தள்ளிப் பிடித்தார். இழுபட்ட எலாஸ்டிக்கில் நடுவிலுள்ள பதினைந்து கோடுகளும் பதினைந்து கம்பிகளின் வலது விளிம்பைக் காட்டின. கூட்டலும் இல்லை, வகுத்தலும் இல்லை. படி சாய்ந்திருந்தால் எலாஸ்டிக்கையும் சாய்த்துப் பிடித்தால் முடிந்தது. விகிதம் மாறுவதில்லை. அடிப்படை விகிதசமத் தேற்றம் என்று நாம் மனப்பாடம் செய்த தேல்ஸ் தேற்றத்தின் பொருள், நாடாவாக இரண்டு தூண்களுக்கு நடுவே நின்றது. மிச்சத்தை யார் பங்கிட்டார்கள்? எலாஸ்டிக்கே பங்கிட்டது. அதற்கு முதல் இடைவெளியும் கடைசி இடைவெளியும் ஒன்றுதான்.

சந்துக்குத்தான் காசு

சென்ற ஆண்டு ஒரு வீட்டுக்கு அளவெடுக்கப் போயிருந்தோம். நான் மேலே சொன்ன அதே 1800 மி.மீ. இடம். வீட்டுக்காரர் பதினைந்து கம்பியைக் கேட்டதும் முகம் சுளித்தார். "பதினொண்ணு போதுமே, நாலு கம்பிக் காசு மிச்சமாகுமே" என்றார். பதினொன்று வைத்தால் ஒவ்வோர் இடைவெளியும் 131.67 மி.மீ. அந்த 134ஐ அளந்த கை என்னுடையது. எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. மாமா பையிலிருந்து ஒரு மரக்கட்டையை எடுத்தார். பக்கத்துக்குச் சரியாக 100 மி.மீ. உள்ள சதுரக் கட்டை. வேலை முடிந்ததும் ஒவ்வொரு சந்திலும் வைத்துப் பார்ப்பதற்காக வைத்திருப்பது. இடைவெளியை அமைக்க அவர் கட்டையை நம்பமாட்டார். சோதிக்க மட்டும் நம்புவார். அதை அவர் முன்னால் வைத்து, "அண்ணே, நீங்க காசு குடுக்கறது கம்பிக்கு இல்லீங்க, சந்துக்குத்தான். இந்தக் கட்டை நுழையாத சந்து வேணும்னா பதினஞ்சு கம்பி ஆகும். நுழையற சந்தை நான் செய்யறதில்லீங்க" என்றார். அந்த வேலை எங்களுக்குக் கிடைக்கவில்லை. திரும்பி வரும் வழியில் மாமா அதைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசவில்லை. அடுத்த வேலையின் அளவைச் சொல்லி என்னைக் கணக்குப் போடச் சொன்னார்.

நண்பர்களே, சமமாகப் பங்கிடுவது என்றால் வகுத்தல் என்றுதான் நாம் படித்திருக்கிறோம். வகுத்தல் எளிது; மிச்சத்தை என்ன செய்வது என்பதே கடினம். விடுதிச் செலவைப் பங்கிடும்போதும், குடும்பத்தில் பிள்ளைகளின் படிப்புக்குப் பணம் பிரிக்கும்போதும், அரசு ஒரு திட்டத்தை ஊர் ஊராகக் கொண்டு போகும்போதும் ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் பிசகும். அதை "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிக்கொண்டே போனால், எல்லாம் சேர்ந்து வரிசையின் கடைசியில் நிற்பவரிடம் போய்ச் சேரும். கடைசியில் நிற்பவர் பெரும்பாலும் எதிர்த்துக் கேட்க முடியாதவராகவே இருப்பார். மிச்சத்தைத் தொடக்கத்திலேயே எண்ணி, எல்லாருக்கும் கண்ணுக்குத் தெரியாத அளவில் பகிர்ந்துவிடுவதுதான் நேர்மையான பங்கீடு என்று எனக்குத் தோன்றுகிறது.

இதைப் படித்தவர்கள் ஒன்று செய்யுங்கள். வீட்டில் மாடிப்படி இருந்தால், ஓர் அட்டையை 100 மி.மீ. அகலத்துக்கு வெட்டிக்கொண்டு கம்பிகளுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். நடுவிலுள்ளவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் தூணை ஒட்டிய கடைசி இடைவெளியில் வைத்துப் பாருங்கள்.